ஆசிரியர் இல்லாம வீட்டுல தினமும் பாலே பார் பயிற்சி: பிரயோஜனம் உண்டா?

கருங்கல்காரி, ஜூன் 9, 2024

பெங்களூர்ல வேலையில இருந்தப்ப ஒன்றரை வருஷம் பாலே நடன வகுப்புக்குப் போனேன். கல்யாணம் ஆகி இப்ப குமரி மாவட்டம் கருங்கல்ல மாமி வீட்டுல இருக்கேன். இங்க பக்கத்துல சொல்லித்தர ஆள் இல்ல. தினமும் காலையில ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் பார் (வகுப்புத் தொடக்கத்துல கம்பி பக்கத்துல நின்னு செய்யுற பயிற்சி) மட்டும் செய்யுறேன். கூடப் படிச்ச தோழி, "கண்டிக்க ஆள் இல்லாம செஞ்சா தப்புதான் உடம்புல ஊறும், பேசாம விட்டுரு"ங்கிறா. விட்டுரலாமா?

தக்கலை, ஜூன் 9, இரவு

விடாதீங்க. உங்க தோழி சொல்றதுல பாதி சரி. தெரியாத அசைவை வீடியோ பார்த்துத் தனியா பிடிச்சா தப்பு ஊறத்தான் செய்யும். ஒருத்தர் கண்ணு முன்னாடி ஒன்றரை வருஷம் செஞ்சு திருத்து வாங்குனதை வீட்டுல தினம் செய்யுறது வேற. மேடையில ஆடுறதையே தொழிலா வச்சிருக்கிறவங்களும் தினமும் காலையில கம்பி பக்கத்துல நின்னு, முட்டியை மடக்கி இறங்கி ஏறுற பிளியேலதான் தொடங்குறாங்க. அது அவங்க உடம்பை அன்னைக்கு எப்படி இருக்குன்னு விசாரிக்கிற நேரம்.

நான் தக்கலைக்காரி, சென்னையில வேலை பார்த்த காலத்துல பெரியவங்களுக்கான வகுப்புல சேர்ந்து கத்துக்கிட்டவ. அதுக்கு முன்னாடி நாகர்கோவில்ல பரதம். ஊருக்குத் திரும்பினதுக்கு அப்புறம் தனியாத்தான் செய்யுறேன். இத்தனை நாள்ல எனக்கு உறுதியான ஒரு விஷயம் சொல்றேன். தனியா செய்யும்போது எல்லாரும் தூக்குற காலையே பார்க்குறோம். நிக்குற காலைப் பாருங்க. அது ஒழுங்கா நிக்குதான்னு கண்டுபிடிக்க ஆசிரியர் வேண்டாம். ஒவ்வொரு பயிற்சி முடிவுலயும் கம்பியில இருந்து கையை எடுங்க. உடம்பு ஒரு பக்கமா சாயுதுன்னா, அதுவரைக்கும் நீங்க கம்பி மேல தொங்கிக்கிட்டு இருந்திருக்கீங்க.

தக்கலை, ஜூன் 10

ஜன்னல் கம்பி பத்திச் சொல்ல விட்டுப்போச்சு. நம்ம வீட்டு ஜன்னல்ல கம்பி பெரும்பாலும் நெட்டுக்குத்தா இருக்கும். நெட்டுக் கம்பியை விரல் தானாவே சுத்திப் பிடிக்கும். பிடிச்சா தோள் ஏறும், முழங்கை இறுகும், உடம்பு கம்பிப் பக்கம் இழுபடும். கை மேல இருந்து படுக்குற மாதிரி கிடைமட்டமா ஒண்ணு வேணும். பெருவிரலைக் கீழ விட்டுச் சுத்த வேண்டாம், மத்த விரலோட சேர்த்து மேலேயே வையுங்க. முழங்கை லேசா மடங்கி, கை உடம்புக்குக் கொஞ்சம் முன்னால இருக்கணும்.

உயரம்: வகுப்புகள்ல பெரியவங்களுக்குச் சுமார் 42 அங்குலம், பிள்ளைகளுக்கு 32 அங்குலம் வைப்பாங்க. உங்க இடுப்புக்கு ஒட்டி, கொஞ்சம் மேல வந்தா போதும். அடுக்களை மேடை இதுக்குத் தாழ்வு, குனிய வைக்கும்.

நான் ஆசாரியை வச்சு அயினி மரத்துல உருட்டி, சுவர்ல அடிச்சேன். பழைய வீடு ஒண்ணைப் பொளிச்சப்ப வந்த மரம். ஒன்றரை அங்குல ஜி.ஐ. பைப்பும் தாராளமா போதும், வெல்டிங் பட்டறையில ரெண்டு பக்கமும் தகடு வச்சுத் தருவாங்க. சுவருக்கும் கம்பிக்கும் நடுவுல கை தாராளமா போய்வர இடம் விடச் சொல்லுங்க. பி.வி.சி. பைப் வளையும், வேண்டாம்.

தக்கலை, ஜூன் 12

"அரைமணி நேரத்துல எதை எதைச் செய்ய?"ன்னு கேட்டிருந்தீங்க. முதல்ல கம்பிகிட்டயே போகாதீங்க. எழுந்த உடனே மூட்டு எல்லாம் கெட்டியா இருக்கும். அஞ்சு நிமிஷம் நின்ன இடத்துல நடை, கணுக்கால் சுத்து, தரையில முட்டி போட்டு முதுகை வளைச்சு நிமிர்த்துறது. உடம்பு லேசா வேர்க்கணும். ஸ்ப்ளிட்ல (ரெண்டு காலையும் எதிரெதிரா நீட்டி) உக்காந்து இழுக்குறதை முடிவுக்குத் தள்ளி வையுங்க. சூடாகாத தசையை நீட்டி அப்படியே பிடிச்சு நிக்குறதால உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது.

அப்புறம் வழக்கமான வரிசை. பிளியே, காலைத் தரையில உரசி நீட்டுற டான்டு, அதையே தரையை விட்டு லேசா எழுப்புற டெகாஜே, காலால அரைவட்டம் போடுற ரோன் டி ஜாம்ப், ரெண்டு முட்டியும் சேர்ந்து மடங்கி நிமிருற ஃபோண்ட்யூ, பாதத்தை வெடுக்குன்னு வெளிய நீட்டுற ஃப்ராப்பே, மெதுவா கால் விரிக்கிற அடாஜியோ, கடைசியா கிராண்ட் பட்மான். சின்னதுல தொடங்கிப் பெருசுக்கும், தரையில தொடங்கி உயரத்துக்கும் போற இந்த வரிசைக்குக் காரணம் இருக்கு. காலை வீசி எறியுற பட்மான் வரும்போது இடுப்பு மூட்டு ஏற்கெனவே எல்லாத் திசையிலயும் உருண்டு வழுவழுன்னு இருக்கும். நேரம் இல்லாத அன்னைக்கு நடுவுல உள்ளதை விடுங்க. பிளியேயும் டான்டும் விடாதீங்க. இந்த ரெண்டை மட்டும் நிதானமா செஞ்ச நாளை நான் முழு நாளாத்தான் கணக்கு வைக்குறேன்.

டான்டுல பாதம் தரையை விட்டு எழும்பவே கூடாது. தரையில ஒட்டுன சோத்துப் பருக்கையை உள்ளங்காலால தேய்ச்சு எடுக்குற மாதிரி போகணும். முதல்ல குதிகால் எழும்பும், அப்புறம் உள்ளங்காலின் முன்பகுதி, கடைசியா விரல் நுனி மட்டும் தரையில். திரும்பி வரும்போது அதே வழி. நீட்டின நுனியில ஒரு துளி எடைகூட இருக்கக்கூடாது. எடை முழுக்க நிக்குற காலுக்கு, அதுலயும் மூணு இடத்துக்கு: குதிகால், கட்டைவிரல் அடி, சுண்டுவிரல் அடி. சுண்டுவிரல் அடி தரையை விட்டுப் போயிட்டா பாதம் உள்பக்கமா சரியும், பின்னாலயே முட்டியும் உள்ள போகும்.

தக்கலை, ஜூன் 12, கொஞ்ச நேரம் கழிச்சு

மேல உள்ளது முழுக்க இதை நம்பித்தான் இருக்கு, அதனால சேர்க்குறேன். பாதத்தை வெளிப்பக்கம் திருப்புற டர்ன்-அவுட் இடுப்புல இருந்து வரணும். 180 டிகிரிங்கிறது எல்லாருக்கும் உள்ளது இல்ல. இடுப்பு மூட்டுக் குழியின் ஆழம், தொடை எலும்பு கழுத்துப் பகுதியில திரும்பியிருக்கிற கோணம், இதெல்லாம் ஆளுக்கு ஆள் வேற. அதை எந்தப் பயிற்சியும் மாத்தாது.

உங்களுக்கு எவ்வளவுன்னு பார்க்க: குதிகால் ரெண்டையும் சேர்த்து, பாதத்தை நேரா வச்சு நில்லுங்க. முட்டியை நிமிர்த்தி, பாதத்தின் முன்பகுதியைத் தரையில இருந்து தூக்கி, பிட்டத்துக்கு அடியில இருந்து தொடை முழுசையும் வெளிய சுழற்றுங்க. பாதத்தை இறக்குங்க. அது எந்தக் கோணத்துல இறங்குதோ அதுதான் உங்க முதல் நிலை. அங்கேயே ஒரு பாதி பிளியே செஞ்சு பாருங்க, முட்டி ரெண்டாவது விரலுக்கு நேர் மேல போகணும். பாதத்தைத் தரையில உரசி இன்னும் நாலு விரக்கடை தள்ளினா பார்க்க அழகா இருக்கும். அந்த நாலு விரக்கடையை முட்டிதான் தாங்கணும், முட்டிக்கு அந்த வேலை கிடையாது.

தக்கலை, ஜூன் 17

தரை. மார்த்தாண்டத்துல இருந்து எழுதுனவங்க, ரப்பர் மேட் விரிச்சுச் செய்யலாமான்னு கேட்டிருக்காங்க. நம்ம பக்கம் ரப்பர் மலிவு, எல்லார் வீட்டுலயும் ஒரு மேட் கிடக்கும், கை அதுக்குத்தான் போகும். பார் பயிற்சிக்கு ரப்பர் மேட்டும் யோகா மேட்டும் ஆகாது. பாதம் ஒட்டிப்போகும். ரோன் டி ஜாம்ப்ல கால் அரைவட்டம் உரசிப் போகணும், அது நடக்காது. அதைவிட மோசம், நிக்குற பாதம் ஒட்டிக்கிட்டு மேல உடம்பு மட்டும் திரும்புனா முறுக்கு முழுக்க முட்டியில விழும். கோரைப்பாய் இதுக்கு எதிர்மாறு, பாயே வழுக்கிட்டுப் போயிடும்.

வெறும் டைல்ஸ்ல சாக்ஸ் போட்டுச் செய்யாதீங்க. கேன்வாஸ் பாலே ஷூ நல்லது. மழைக்காலத்துல டைல்ஸ் காலையில வேர்த்து நிக்கும், உலர்ந்த துணியால ஒரு தரம் துடைச்சுட்டுத் தொடங்குங்க. பழைய வீட்டுச் செவப்புச் சிமெண்ட் தரை உள்ளவங்க பாக்கியசாலிகள். மெழுகு போடாத செவப்புத் தரை வழுக்காது, ஒட்டாது. என் பார் அங்கதான் இருக்கு.

எந்தத் தரையா இருந்தாலும் அடியில காங்கிரீட் இருந்தா குதிக்கிறது வேண்டாம். ஆட்டக் கூடங்கள்ல தரைக்கு அடியில மரச்சட்டமும் காற்றிடமும் விட்டு, அமுங்கி எழும்புற மாதிரி கட்டுவாங்க. நம்ம கூடம் அப்படி இல்ல, குதிச்சு இறங்குற அடி அப்படியே கெண்டைக்கால் எலும்புக்குப் போகும். பார் வரைக்கும் வீட்டுல, குதிக்கிறது வகுப்புலன்னு வச்சுக்கோங்க. ரெலவே, அதாவது குதிகாலைத் தூக்கி நிக்குறது, நிறைய செய்யலாம். முதல்ல ரெண்டு கால்ல, அப்புறம் ஒத்தைக்கால்ல. குதிக்கிறதுக்கு வேண்டிய பலம் அதுலயே ஏறும்.

தக்கலை, ஜூன் 25

ரெண்டு நாளா விடாத மழை. எங்க வீட்டுப் பின்பக்கம் தகரக் கூரை, அதுல மழை விழுந்தா போன்ல ஓடுற பியானோ காதுல ஏறாது. கரண்டும் போச்சு. அதனால வாயால தாளம் சொல்லிச் செய்யுறேன். பரதம் படிச்சவங்களுக்கு இது ரொம்ப லேசா வரும்.

பிளியேயும் ரோன் டி ஜாம்பும் பெரும்பாலும் மூணு எண்ணிக்கைப் பாட்டுக்கு நடக்கும். தகிட, தகிடன்னு நிதானமா சொன்னா அப்படியே உக்காரும். டான்டுக்கு ஆதி தாளத்தோட எட்டு அட்சரம். முன்னால ரெண்டு, பக்கத்துல ரெண்டு, பின்னால ரெண்டு, திரும்பப் பக்கத்துல ரெண்டு, ஒரு ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு சுற்று) முடியும். அடுத்த ஆவர்த்தனத்துல இரண்டாம் காலம், அதாவது ரெண்டு மடங்கு வேகம். பரதத்துல முதல்ல படிக்கிற தட்டடவை மூணு காலத்துலயும் செஞ்சு பழகினவங்களுக்கு, வேகம் கூடும்போது அசைவு சுருங்காம இருக்கணும்ங்கிற பயம் ஏற்கெனவே உண்டு. டான்டுலயும் அதே பயம் வேணும்.

வாயால சொல்றதுல இன்னொரு லாபம், மூச்சை அடக்க முடியாது. பாட்டுக்குச் செய்யும்போது அடாஜியோல மூச்சைப் பிடிச்சு நிக்குறவங்க நிறையப் பேர்.

தக்கலை, ஜூலை 3

கருங்கல்காரி தனியா எழுதிக் கேட்டதை இங்கேயே வைக்குறேன், அவங்க சம்மதிச்சுட்டாங்க. முழுசா கீழ வரைக்கும் இறங்குற கிராண்ட் பிளியேல முட்டிச்சில்லுக்குக் கீழ வலிக்குதாம்.

கிராண்ட் பிளியே கொஞ்ச நாளைக்கு வேண்டாம். அது இல்லாமலும் பார் பாராத்தான் இருக்கும். சில ஆசிரியர்களே வகுப்பை டான்டுல தொடங்கி, முழு பிளியேயைப் பின்னால தள்ளி வைக்குறாங்க. திரும்பச் செய்யத் தொடங்கும்போது ரெண்டாம் நிலையில, அதாவது பாதம் ரெண்டையும் பக்கவாட்டுல அகட்டி வச்சு, தொடங்குங்க. அதுலதான் குதிகால் தரையை விட்டு எழும்பாது, முட்டிக்கும் பாரம் குறைவு. குதிகால் சேர்ந்த முதல் நிலையிலயும், ஒரு பாதம் இன்னொண்ணுக்கு முன்னால வர்ற நாலாம், அஞ்சாம் நிலையிலயும் கீழ போகும்போது குதிகால் எழும்பும். கடைசி நொடி வரைக்கும் அதைத் தரையில வச்சிருங்க, ஏறும்போது முதல்ல அதையே இறக்குங்க. கீழ போய் உக்காராதீங்க. தொட்ட உடனே மேல வரணும்.

தசை களைச்சு நடுங்குறது வேற, மூட்டுக்குள்ள ஊசி குத்துறது வேற. ரெண்டாவது வந்தா அன்னைக்கு நிறுத்துங்க. ரெண்டு வாரத்துல குறையலன்னா பிசியோதெரபிஸ்ட்கிட்ட காட்டுங்க. எண்ணெய் போட்டு உருவி விடுறதோட நிறுத்திக்காதீங்க. இடுப்புல கால் தூக்கும்போது "டக்"ன்னு சத்தம் வருதுன்னு ஒருத்தர் பயந்திருந்தாங்க. பெரும்பாலும் அது எலும்பு முனை மேல தசைநாண் தாண்டுற சத்தம். வலி இல்லன்னா கவலை வேண்டாம்.

தக்கலை, ஜூலை 21

"அரைமண்டியும் பிளியேயும் ஒண்ணுதானே அக்கா"ன்னு ஒரு தங்கச்சி கேட்டா. ரெண்டையும் படிச்சவளுக்கு இந்தக் கேள்வி ரொம்பப் பிடிக்கும். அரைமண்டின்னா பரதத்துல முட்டியை வெளிப்பக்கம் மடக்கிப் பாதி உக்காந்து நிக்குற நிலை.

தொடை வெளிய திரும்புறது, முதுகு நிமிர்ந்து இருக்குறது, முட்டி விரல் பக்கம் போறது, இதெல்லாம் பொது. ஆனா அரைமண்டி நாம குடியிருக்கிற இடம். அடவு (பரதத்தோட அடிப்படை அசைவு) முழுக்க அங்க உக்காந்து நடக்கும், பாதம் தரையைத் தட்டும், எடை பூமிக்குப் போகும். பிளியேல நிக்குறதே இல்ல, போறதும் வர்றதும்தான். அடுத்து ஏறப்போற ரெலவேக்கோ குதிக்கிறதுக்கோ அங்க தயார் ஆகுறோம். பரதம் படிச்சுட்டு வர்றவங்க பிளியேயோட அடியில தங்கிடுவாங்க, என் உடம்புக்கும் அந்த ஆசை உண்டு. பரதம் படிச்சதால கிடைக்கிற வரம்னா, தொடை திரும்பி நிக்குற பலம். அதை யாரும் புதுசா சொல்லித்தர வேண்டியது இல்ல.

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு அந்நியம்னு நினைக்குறவங்களுக்கு ஒரு விஷயம். ருக்மிணி தேவி அருண்டேல் பரதத்துக்கு வர்றதுக்கு முன்னாடி பாலே படிச்சவங்க. 1920கள்ல ரஷ்ய நர்த்தகி அன்னா பாவ்லோவாவோட பழக்கம் ஏற்பட்டு, அவங்க குழுவுல இருந்த கிளியோ நார்டிகிட்ட பயிற்சி எடுத்தாங்க. உங்க நாட்டுக் கலையைத் தேடிப் பாருங்கன்னு தூண்டினதும் பாவ்லோவாதான். ருக்மிணி தேவி தொடங்குன நாட்டியப் பள்ளி கலாக்ஷேத்ரா 1936ல வந்தது. இன்னைக்கு நாம "கலாக்ஷேத்ரா பாணி"ன்னு சொல்ற அந்த நேர்கோட்டுச் சுத்தத்துல பார் பயிற்சிக்கும் பங்கு இருக்கும்னு நான் நினைக்குறேன். இது என் கண்ணுக்குப் பட்டது மட்டும்தான், வேற மாதிரி நினைக்குறவங்க எழுதுங்க, எனக்குக் கேக்க ஆசை.

தக்கலை, ஆகஸ்ட் 11

கண்ணாடி வைக்கணுமான்னு மூணு பேர் கேட்டாச்சு. முதல்ல நான் அவசியம்னு சொல்லிட்டு இருந்தேன், இப்ப அவ்வளவு வற்புறுத்த மாட்டேன். பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்க்கத் தலை திரும்பும், தலை திரும்பினா தோளும் இடுப்பும் கொஞ்சம் கூடவே வரும். பார்க்குற அந்த நொடியில நிலை மாறிடும்.

போனை ஸ்டூல் மேல வச்சு, இடுப்பு உயரத்துல, வாரத்துக்கு ஒருதரம் படம் எடுங்க. பின்னால இருந்து ஒண்ணு, பக்கவாட்டுல ஒண்ணு. பின்னால இருந்து எடுத்ததுல, கால் பக்கவாட்டுல போகும்போது நிக்குற கால் பக்க இடுப்பு வெளிய தள்ளி உக்காருதான்னு பாருங்க. பக்கவாட்டுப் படத்துல, பின்னால கால் போகும்போது இடுப்பு முன்னால கவிழ்ந்து நடு முதுகு மடியுதான்னு பாருங்க. இந்த ரெண்டு போதும். கால் எவ்வளவு உயரம் போச்சுன்னு அந்தப் படத்துல தேடாதீங்க.

எனக்கு இடது கணுக்கால் சின்ன வயசுல சுளுக்கினது. இடது கால்ல நிக்குற பக்கம் எப்பவுமே லேசா ஆடும். அதனால ரெண்டு பக்கமும் செஞ்ச பிறகு, இடது கால்ல நிக்குற பக்கத்தை மட்டும் டான்டு இன்னொரு ஆவர்த்தனம் கூடச் செய்யுறேன். உங்களுக்கும் ஒரு பக்கம் மெலிஞ்சிருக்கும், அது எதுன்னு படத்துல தெரிஞ்சிடும்.

தக்கலை, செப்டம்பர் 18

ஓணம் கழிஞ்சு வீட்டுல கூட்டம் குறைஞ்சாச்சு. ஆள் நிறைஞ்ச வீட்டுல செய்யுறதைப் பத்தி யாரும் இங்க எழுதல, ஆனா நம்ம ஊர்ல பெரிய தடங்கல் அதுதான். தரையோ கம்பியோ இல்ல. "காலை இப்படித் தூக்கிட்டு நிக்குறா பாரு"ன்னு பக்கத்து வீட்டு வல்லியம்மா சொல்லுவாங்க. லெகின்ஸுக்கு மேல சுடிதார் டாப் போட்டு, ரப்பர் வெட்டுறவங்க டார்ச் எடுத்துட்டு இறங்குற நேரத்துலயே நான் தொடங்கிடுவேன். யாரும் எழுந்திருக்க மாட்டாங்க. இந்த முறை வந்திருந்த என் அத்தை, எழுபது தாண்டினவங்க, வாசல்ல நின்னு பார்த்துட்டு, "எனக்கும் மூட்டுக்கு ஆகுமா பிள்ளே"ன்னு கேட்டாங்க. இப்ப காலையில அவங்க கம்பியைப் பிடிச்சு, பாதத்தை நேரா வச்சு, பாதி பிளியேயும் ரெலவேயும் மட்டும் செய்யுறாங்க. டர்ன்-அவுட் ஒண்ணும் இல்ல. நிக்குற பலம் கூடுது, அவங்களே சொல்றாங்க.

கம்பி அடிக்க இடம் இல்லாதவங்களுக்கு இன்னொண்ணு. வெறும் பிளாஸ்டிக் நாற்காலியோட முதுகு போதும். லேசான நாற்காலி கவிழுமேன்னு ஜூன்ல ஒருத்தர் எழுதியிருந்தாங்க. கவிழட்டும், அதுக்காகத்தான் சொல்றேன். எடையைப் போட்டா அது சாயும், நீங்க சாயுறது உடனே தெரியும். கனமான தேக்கு நாற்காலி அதைச் சொல்லாது. கால் வீசுற கிராண்ட் பட்மானுக்கு மட்டும் நாற்காலி வேண்டாம், சுவர்ல உள்ளங்கையை வச்சுக்கோங்க.

தக்கலை, அக்டோபர் 6

கருங்கல்காரியோட நாத்தனார் மக, ஒன்பது வயசு, இவங்களைப் பார்த்து ஆசைப்பட்டு நிக்குறாளாம். கூட நிறுத்தலாமான்னு கேள்வி.

தாராளமா நிறுத்துங்க. அவளுக்கு 32 அங்குலத்துல தனிக் கம்பி வேணும், இல்லன்னா கம்பியைப் பார்த்து, ரெண்டு கையும் வச்சு நிக்கட்டும். பதினைஞ்சு நிமிஷத்துக்கு மேல இழுக்காதீங்க. பிளியே, டான்டு, ரெலவே போதும். பாதத்தைப் பிடிச்சு யாரும் வெளிய திருப்பி விடக்கூடாது, அவளா திருப்புறது எவ்வளவோ அவ்வளவு. ஆன்லைன்ல பாயிண்ட் ஷூ (விரல் நுனியில நின்னு ஆடுறதுக்கான ஷூ) பார்த்து வச்சிருக்கிறதா சொன்னீங்க. அதை வாங்காதீங்க. பாத எலும்பு இன்னும் முத்தல, அதுக்கு முன்னால வருஷக்கணக்கா பயிற்சியும், நேர்ல பார்த்து "இப்ப போடலாம்"னு சொல்ற ஆசிரியரும் வேணும். இதுல மட்டும் உங்க தோழி ஜூன்ல சொன்னதோட நான் முழுக்க ஒத்துப்போறேன். மெல்லிய கேன்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கிக் கொடுங்க, அவ கால் அளவுக்குச் சரியா. வளருற பிள்ளைன்னு ஒரு சைஸ் கூட எடுத்தா துணி சுருங்கி, விரல் தரையைப் பிடிக்காது.